பெரிய வீட்டில், படுக்கையில் ஒருவர்: செட்டிநாட்டுப் பக்கம் அவசர காலத்துக்கு ஆயத்தமாகும் முறை

சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துவிட்டு, முடியாமல் கிடக்கும் அப்பச்சியையோ (அப்பா) ஆத்தாவையோ (அம்மா) பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பக்கவாதம், டயாலிசிஸ், ஆக்சிஜன், வலிப்பு, பார்வையின்மை, மறதி நோய் என்று எதுவாக இருந்தாலும், மருந்துப் பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள்.

தெருவில் போய் நில்லுங்கள். உங்கள் வீட்டுக்குள் அதிகம் புழங்காத ஒருவரைக் கூப்பிடுங்கள். நோயாளியின் கட்டிலில் ஒரு 25 கிலோ அரிசி மூட்டையை வைத்து, “இதை எடுத்துக்கொண்டு வாங்க” என்று அனுப்பிவிட்டுக் கைபேசியில் நேரம் பாருங்கள்.

எங்கள் வீட்டில் முதல் தடவை இதைச் செய்தபோது 17 நிமிடம் ஆனது. போனவர் எதிர்வீட்டு அண்ணன், முப்பது வருடம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசியவர். வெளியே வந்து சொன்னார்: “தம்பி, பின்கதவுத் தாப்பா எங்கனக்குள்ள இருக்குன்னே தெரியலப்பா. இருட்டுல நான் என்னத்தக் கண்டேன்?” அந்த 17 நிமிடத்தில் மூட்டையைத் தூக்கி நடந்த நேரம் நாலே நிமிடம். மீதி எல்லாம் பூட்டும் தாழ்ப்பாளும் நிலைப்படியும் தின்றது. 17-ஐப் பத்துக்குள் கொண்டுவருவதுதான் ஆயத்தத்தின் பெரும் பகுதி. இப்போது எங்கள் வீட்டில் ஆறு நிமிடம்.

சாவி

நம் வீடுகள் முகப்பு, நடுவே திறந்த முற்றம் உள்ள வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. இரண்டாங்கட்டில் விழுந்தவர் கூப்பிட்டால் முகப்புக்குக் கேட்காது. அதோடு பங்காளிகளுக்குப் பொதுவான வீடு என்றால் பாதி அறைகளின் சாவி வேறு ஊரில் இருக்கும்.

நோயாளி இருக்கும் அறையிலிருந்து இரண்டு தெருக்களுக்கும் போகும் வழியில் எத்தனை கதவு என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றும் உள்ளிருந்து பூட்டப்படுகிறதா, வெளியிலிருந்தா என்று பாருங்கள். உள்தாழ்ப்பாள் போட்ட தேக்குக் கதவை வெளியிலிருந்து உடைத்துத் திறக்க நம்மால் முடியாது, தீயணைப்புத் துறை ஆள்கள்தான் வரவேண்டும். ஆகவே நோயாளி தனியாக இருக்கும் நேரத்தில் ஒரு வாசலாவது வெளியிலிருந்து சாவியால் திறக்கும்படி பூட்டு மாற்றுங்கள். அந்தச் சாவிக்கு மூன்று நகல் போட்டு, நடந்தே வந்துவிடக்கூடிய மூன்று வீடுகளில் கொடுங்கள். காரில் வரும் சொந்தக்காரர் இந்த மூன்றில் சேரமாட்டார். புயல் இரவில் மரம் விழுந்த சாலையில் கார் வராது. எதிர்வீட்டுக்காரர், பால்காரர், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, மூன்றாவது வீட்டில் இருக்கும் கல்லூரிப் பையன், இவர்கள்தான் வருவார்கள். தூக்கும் தெம்புள்ள ஒருவராவது இந்த மூவரில் இருக்கட்டும்.

பங்காளிகளிடமும் பேசுங்கள். வழியில் இருக்கும் ஓர் அறையைத் திறந்து வைக்க வேண்டும் என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். நான் கேட்கத் தயங்கி ஒரு வருடம் வீணாக்கினேன். கேட்ட அன்றே சாவி கூரியரில் வந்தது.

கட்டில்

பெரியவர்கள் பழகிய அறையை விட்டு வர மறுப்பார்கள். அது நியாயம்தான், கட்டாயப்படுத்தாதீர்கள். ஆனால் மாடியிலோ, இரண்டு மூன்று நிலைப்படி தாண்டிய உள்ளறையிலோ கட்டில் இருந்தால், வாசலுக்குப் பக்கத்து அறைக்கு மாற்றுவதைப் பற்றி அவர்களோடு பொறுமையாகப் பேசுங்கள். எங்கள் அப்பச்சி பின்வாசல் பக்கத்து அறைக்கு வரச் சம்மதித்ததற்குக் காரணம், அங்கிருந்து தெருவில் போகிறவர்களோடு பேசலாம் என்பதுதான்.

வளவு முற்றத்தை ஒட்டிக் கட்டிலைப் போடாதீர்கள். காற்றோடு பெய்யும் மழையில் சாரல் உள்ளே வரும், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் நனைந்தால் வழுக்கும். ஓட்டுச் சாய்ப்பின் கீழும் வேண்டாம். காற்றில் முதலில் பெயர்வது ஓடு.

சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போட நினைக்கிறவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். தெருவாசல் தரையிலிருந்து மூன்றடி உயரம் என்றால் 36 அடி. திண்ணை வைத்த வீட்டு முன்பக்கத்தில் அதற்கு இடம் இருக்காது. பெரும்பாலும் பின்வாசல் உயரம் குறைவாக இருக்கும், அங்கே போடுங்கள். உள்ளே இருக்கும் நிலைப்படிகளுக்கு ஆசாரியிடம் சொல்லி மரத்தில் இரு பக்கச் சரிவு செய்து வைத்தால் போதும். எங்களுக்கு நாலு கதவுக்கும் சேர்த்து ஒரே நாள் வேலை.

108-க்கு வீட்டைச் சொல்வது

செட்டிநாட்டில் வீடுகளுக்கு ‘விலாசம்’ உண்டு, அதாவது குடும்பத்தைக் குறிக்கும் முதலெழுத்துகள். அவற்றைச் சொன்னால் ஊர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு வந்துவிடுவார். ஆனால் 108-இல் அழைப்பை எடுப்பவர் வேறு ஊரில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மாவட்டம், தாலுகா, ஊர், அடையாளம் வேண்டும். காரைக்குடியும் தேவகோட்டையும் கானாடுகாத்தானும் சிவகங்கை மாவட்டம். ராயவரம், அரிமளம் புதுக்கோட்டை மாவட்டம். வந்து சில நாளே ஆனவர்கள் பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள்.

சொல்ல வேண்டியதைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேலும் வாசல் கதவின் உள்பக்கமும் ஒட்டுங்கள். எங்கள் வீட்டுத் தாள் இப்படித் தொடங்கும்: “மாவட்டம், தாலுகா, ஊர். சிவன் கோயில் ஊருணிக்கு வடக்கே இரண்டாவது தெரு. முன்வாசலுக்கு வரவேண்டாம், பின்தெருவில் பச்சைக் கதவு. நோயாளிக்கு வலது பக்கம் கை கால் வராது. பேச்சு குழறும், ஆனால் சொல்வது புரியும்.” கடைசி வரி மிகவும் முக்கியம். பேச முடியாதவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அவரை ஒரு பொருளைப் போலத் தூக்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

தேரோட்டம் என்றாலும் பொங்கலை ஒட்டிச் சிராவயலில் மஞ்சுவிரட்டு என்றாலும், அன்றைக்கு எந்தச் சாலை அடைபடும் என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டையும் சிவகங்கையும் சுமார் 40 முதல் 50 கிலோமீட்டர், மதுரை ஏறக்குறைய அதில் இரண்டு மடங்கு. உங்கள் நோய்க்கு எங்கே போகவேண்டும் என்பதை மருத்துவரிடம் இன்றே கேட்டுத் தாளில் எழுதுங்கள்.

கரண்ட்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, தஞ்சாவூர், புதுக்கோட்டை வழியாக உள்ளே வந்தது. கடற்கரையில் இருப்பவர்களுக்குத்தான் புயல் என்று நினைத்திருந்த எங்களுக்கு ஒன்பது நாள் கரண்ட் இல்லை. அப்பச்சி, படுக்கைப் புண் வராமலிருக்கப் பம்பு வைத்துக் காற்றடைக்கும் காற்றுமெத்தையில் படுத்திருந்தார். வீட்டில் புது இன்வெர்ட்டர் இருந்தது. தைரியமாக இருந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் அது அணைந்து, மெத்தை சப்பி, மூன்றாம் நாள் அவர் இடுப்பெலும்புக்கு மேலே தோல் சிவந்து உரிந்திருந்தது. அந்தப் புண் ஆற நாலு மாதம் ஆயிற்று.

பிறகுதான் கணக்குப் போட்டேன். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் பெருக்கினால் 1,800 வாட்-மணி. அதில் முக்கால் பங்கு, அதாவது 1,350 கைக்கு வந்தால் நல்லது. காற்றுமெத்தை பம்புக்கு வேண்டியது 10 வாட் அளவுதான். இன்வெர்ட்டர் தனக்காக எடுப்பதையும் சேர்த்தாலும் அந்த ஒரு பம்பை மட்டும் வைத்திருந்தால் ஒன்றரை நாளுக்கு மேல் ஓடியிருக்கும். நான் நாலு மின்விசிறியையும் ஃப்ரிட்ஜையும் அதிலேயே விட்டிருந்தேன். பழைய விசிறி ஒன்றுக்கே 75 வாட்.

எனவே எலக்ட்ரீஷியனை அழைத்து, நோயாளியின் அறைக்குத் தனி லைன் இழுத்து, இன்வெர்ட்டரை அதற்கு மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு மெஷினின் பின்னாலும் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டர் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமை. ஐந்து லிட்டர் மெஷின் 350 வாட் வரை இழுக்கும். அதே பேட்டரியில் நாலு மணி நேரம்கூட முழுசாக வராது, பேட்டரி பழசானால் அதில் பாதி. ஆகவே சிலிண்டர் இல்லாமல் கான்சென்ட்ரேட்டரை மட்டும் நம்பி இருக்கவே கூடாது. ‘பி’ டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிடம், பன்னிரண்டரை மணி நேரம். உங்கள் நோயாளிக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதைப் போட்டு நீங்களே வகுத்துப் பாருங்கள். மருத்துவர் சொன்ன அளவைப் பயத்தில் கூட்டவும் வேண்டாம், மிச்சம் பிடிக்கக் குறைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மாட்டக் கற்றுக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கையோடு அதைத் தொடாதீர்கள், ஆக்சிஜனும் எண்ணெயும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். கரண்ட் இல்லாத இரவில் கை தானாகக் குத்துவிளக்கைத் தேடும். அந்த அறைக்குள் விளக்கு, மெழுகுவத்தி, கொசுவத்திச் சுருள் எதுவும் கூடாது. டார்ச் லைட் மட்டும்.

வாடகை ஜெனரேட்டர் எடுத்தால் தெருவில் வையுங்கள். வளவு மேலே திறந்துதானே இருக்கிறது என்று உள்ளே வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் புகையில் உள்ள நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

கரண்ட் போனதும் காற்றுமெத்தைக்காரர்களை இரண்டு மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். மருந்தை ஆவிபோல் ஆக்கித் தரும் நெபுலைசருக்குப் பதில் ஸ்பேசர் குழாயோடு இன்ஹேலர் கொடுக்கலாமா, சளி உறிஞ்சும் மெஷினுக்குக் காலால் மிதிக்கும் பம்பு கிடைக்குமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் உயிர்காக்கும் மெஷின் ஓடுகிறது என்று உங்கள் பகுதி ஈ.பி. ஆபீஸுக்குக் கடிதமாகக் கொடுத்து வையுங்கள். புகாருக்கு மின்னகம் எண் 94987 94987.

மருந்து

இரண்டு வார மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். புதுசு வாங்கியதும் பழசைச் சாப்பிட்டு, புதுசைப் பெட்டியில் வையுங்கள். வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, மனநல மருந்து இவற்றை ஒரு நாள்கூடச் சட்டென்று நிறுத்தக் கூடாது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் பகுதிக்கு வரும் தன்னார்வலரிடம் பெயர் கொடுத்தால், மழைக்காலத்துக்கு முன்கூட்டியே தர முடியுமா என்றும் கேட்கலாம்.

திறந்து பயன்படுத்தும் இன்சுலினுக்கு நம் ஊர் மண்பானையே வழி செய்கிறது. திறக்காத இன்சுலின் ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்ததை வெளியில் சுமார் நாலு வாரம் வைக்கலாம் என்றாலும், அது 30 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான். நம் சித்திரை வெயில் அதை விடாது. பெரிய பானைக்குள் ஆற்று மணலைப் போட்டு, நடுவில் சின்னப் பானையைப் புதைத்து, மணலை நனைத்து வையுங்கள். மருந்தை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டுச் சின்னப் பானைக்குள் இறக்கி, மேலே ஈரத் துணியால் மூடுங்கள். வெயில் படாத, காற்று ஓடும் இடத்தில் இருக்கட்டும். வளவுத் தூணடி சரியான இடம். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளியுங்கள். கரண்ட் இல்லாத அந்த ஒன்பது நாளும் ஆத்தாவின் இன்சுலின் இப்படித்தான் இருந்தது. ஐஸ் கட்டியோடு ஒட்டி வைக்காதீர்கள். ஒரு தடவை உறைந்த இன்சுலினைக் குப்பையில்தான் போடவேண்டும். தெளிவாக இருக்கவேண்டிய மருந்து கலங்கினாலும் அப்படித்தான்.

டயாலிசிஸ் செய்பவர்கள்

புயல் எச்சரிக்கை வந்தால் முறைநாளுக்குக் காத்திராமல், ஒரு நாள் முன்னாலேயே செய்துகொள்ள முடியுமா என்று மையத்தில் கேளுங்கள். மரம் விழுந்து சாலை அடைத்த பிறகு எதுவும் நடக்காது.

முறை தவறினால் குடிக்கும் தண்ணீரையும் உப்பையும் மருத்துவர் சொன்ன அளவுக்குக் குறைக்க வேண்டும். இன்னொரு ஆபத்து பொட்டாசியம். கஜாவில் சாய்ந்த தென்னைகளிலிருந்து ஊரெல்லாம் இளநீராகக் கிடந்தது. உதவிக்கு வந்தவர்கள் அன்போடு வெட்டி நீட்டினார்கள். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இளநீரும் வாழைப்பழமும் பழச்சாறும் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். இதை நோயாளியிடம் மட்டும் சொன்னால் போதாது, சாவி வைத்திருக்கும் மூன்று வீட்டுக்கும் சொல்லுங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் ஊசி போடவோ பி.பி. பார்க்கவோ கூடாது என்று அந்தக் கையிலேயே பட்டை கட்டிவிடுங்கள். உலர் எடை (உடலில் மிகுந்த நீர் நீங்கியபின் இருக்கும் எடை), ரத்த வகை, கடைசியாக டயாலிசிஸ் செய்த தேதி மூன்றும் ஒரு அட்டையில் சட்டைப் பையில் இருக்கட்டும். வேறு ஊர் மையத்துக்குப் போக நேர்ந்தால் அவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

வலிப்பு, கண், காது, மறதி

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. பெட்டகச் சாவி கனத்துக்கு இருக்கும். வெட்டி இழுக்கும் கையில் அதைக் கொடுத்தால் அவர் முகமே காயப்படும், வலிப்பு நிற்காது. வாயிலும் எதையும் வைக்கக் கூடாது. கூரான பொருள்களை நகர்த்தி, தலைக்குக் கீழே துண்டு வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரம் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

காது கேளாதவர்களுக்குக் கூச்சலும் ஒலிபெருக்கி அறிவிப்பும் பயன்படாது. விளக்கு மின்னும் அழைப்பு மணி போடுங்கள், கைபேசி அதிர்வில் தலையணைக்குக் கீழே இருக்கட்டும். பார்வையற்றவர் தன் வீட்டில் நம்மைவிட வேகமாக நடப்பார், தூண்களை எண்ணியே போவார். ஆனால் மழைக்கு ஒழுகுகிறது என்று நடுவே வைத்த அண்டா அவரைக் கீழே தள்ளிவிடும். எதை நகர்த்தினாலும் அவரிடம் சொல்லுங்கள். மறதி நோய் உள்ளவர்களும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் சத்தத்திலும் கூட்டத்திலும் வெளியே ஓடிவிடக்கூடும். ஊருணிகள் நிறைந்திருக்கும் காலம் அது. சட்டையின் உள்பக்கம் பெயரும் ஃபோன் எண்ணும் தைத்து வையுங்கள், சமீபத்திய போட்டோவும் கைபேசியில் இருக்கட்டும். தேடுகிறவர்கள் முதலில் ஊருணிப் பக்கம் போகட்டும்.

தூக்குவது

கட்டிலில் இருப்பவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பக்கவாதக் கையின் தோள் மூட்டு சுலபமாக நழுவிவிடும். கைப்பிடி இல்லாத உறுதியான மர நாற்காலி ஒன்று கட்டிலருகே எப்போதும் இருக்கட்டும். அவரை அதில் உட்கார வைத்து, இடுப்பிலும் நெஞ்சிலும் வேட்டியால் சுற்றிக் கட்டி, நாற்காலியைப் பின்பக்கம் சற்றுச் சாய்த்து, ஒருவர் பின்னாலும் ஒருவர் முன்கால்களிலும் பிடித்துப் படியிறங்கலாம். சக்கர நாற்காலியோடு தூக்குவதாக இருந்தால் கழன்று வரும் கைப்பிடியையோ கால்தாங்கியையோ பிடிக்காதீர்கள், சட்டத்தைப் பிடியுங்கள். தூக்குமுன் அவரிடமே கேளுங்கள். எங்கே பிடித்தால் வலிக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பெயரைப் பதிவது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 8-ஆம் பிரிவு, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிந்து வைத்து, ஆபத்துக் காலத்தில் அவர்களுக்குத் தகவல் தரவேண்டும் என்கிறது. ஆகவே இதைச் சலுகையாக நினைத்துக் கேட்காதீர்கள். யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்குங்கள். பிறகு நோயாளியின் நிலை, மெஷின் விவரம், வீட்டு அடையாளம் எழுதிய கடிதத்தை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது பெறுங்கள். ஒரு நகல் கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) இருக்கட்டும். புயல் இரவில் டார்ச்சோடு தெருவில் வருகிறவர் அவர்தான். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, எல்லா அவசரத்துக்கும் 112.

புரட்டாசியில் ஒரு நாள்

ஐப்பசி அடைமழைக்கு முன், புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மெயின் சுவிட்சை அணையுங்கள். சிலிண்டர் தயாராக இருக்கட்டும், நோயாளியிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இன்வெர்ட்டர் எத்தனை மணிக்கு நிற்கிறது என்று குறியுங்கள். அது போன வருடத்தைவிடக் குறைந்தால் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றவோ மாற்றவோ வேண்டும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மருந்துகளின் காலாவதித் தேதியையும் டார்ச் பேட்டரியையும் சக்கர நாற்காலியின் டயரில் காற்றையும் பாருங்கள். பிறகு சாவி வைத்திருக்கும் மூன்று பேரையும் காபிக்குக் கூப்பிட்டு, ஒவ்வொருவராக வெளியே போய்ப் பூட்டைத் திறந்து வரச் சொல்லுங்கள். போன வருடம் எங்கள் கல்லூரிப் பையன் வேலை கிடைத்து ஓசூர் போயிருந்தான், சாவியும் அவனோடு போயிருந்தது. அன்றே நகல் போட்டு அடுத்த வீட்டில் கொடுத்தோம்.